படித்த கங்காணியா?

சென்ற பருவத்தில் ஒரு நாள் பிற்பகல், "பட்டப்படிப்புக்குப் பின் என்ன?" என்ற தலைப்பில் எங்கள் கல்லூரியில் ஒரு வழிகாட்டுக் கூட்டம் நடைபெற்றது. வந்திருந்த பெரியவர் எங்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். ஆசிரியப் பணி என்றாள் ஒருத்தி. வங்கித் தேர்வு என்றார் ஒருவர். காவல் துறை, கணிப்பொறி, தேர்வாணையம் என்று விடைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என் முறை வந்தது. "எம்.பி.ஏ. சேர்ந்து மனிதவள மேலாண்மையைச் சிறப்புப் பாடமாக எடுப்பேன். ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்க்க விருப்பம்" என்றேன். பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. "கணிதம் படித்துவிட்டு, 'உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்' என்று நேர்காணலில் கேட்கிற வேலைக்கா?" என்று நண்பர் ஒருவர் என் காதில் விழும்படியே கேட்டார். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்பு என்னை வருத்தவில்லை. அன்று மாலை என் தந்தையார் கேட்ட கேள்விக்குத்தான் என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். நாற்பது கிலோ மூட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஊதிய விகிதம். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மனிதவளம் என்றால் என்ன என்று விளக்கச் சொன்னார். ஆள் எடுப்பது, வருகைப் பதிவு, சம்பளம் போடுவது, விடுப்பு கொடுப்பது, தகராறு வந்தால் பேசுவது என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, இம்புட்டுப் படிச்சுப்புட்டுக் கங்காணி வேலைக்கா போவப் போறே?" என்றார்.

நண்பருடைய கேலியைவிட இந்தக் கேள்வி கனமானது. என் விடையை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கங்காணி என்ற சொல் எங்கள் பக்கத்து முதியவர்களுக்கு இன்றும் கசக்கும். காரணம் இருக்கிறது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் திரட்டியவன் கங்காணி. அவன் வெளியூரான் அல்லன். சொந்த ஊருக்கே திரும்பி வந்து, உறவு சொல்லி அழைத்து, முன்பணம் கொடுத்து, அந்த முன்பணத்தையே கடனாக எழுதிக் கொண்டு அழைத்துப் போனான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். இலங்கைக்குப் போனவர்கள் மண்டபம் முகாம் வழியே கடலைக் கடந்தார்கள். தோட்டத்தில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கு இவ்வளவு என்று தலைமைக் கங்காணிக்குக் காசு உண்டு. அதற்குப் 'பென்ஸ் காசு' என்று பெயர். காய்ச்சலில் கிடப்பவனையும் எழுப்பி மலைக்கு அனுப்பினால் கங்காணிக்கு லாபம். படுக்க விட்டால் நஷ்டம். ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டத்துக்கு ஆளை மாற்றும்போது அவனுடைய கடனை எழுதிய சீட்டும் கூடவே போகும். அதைத் 'துண்டு' என்றார்கள். இலங்கையில் 1921-இல்தான் அந்த முறை ஒழிந்தது. மலாயாவுக்கு ஆள் கொண்டு போவதை 1938-இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தியது.

ஆள் எடுப்பவன், கடன் கொடுப்பவன், வருகை எழுதுபவன், தண்டிப்பவன் ஆகிய நால்வரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கங்காணி முறையே சாட்சி. பம்பாய் நெசவாலைகளிலும் கல்கத்தாச் சணல் ஆலைகளிலும் மேஸ்திரிகள் இதே ஆட்சியை நடத்தினார்கள். வேலை வேண்டுமானால் மேஸ்திரிக்குக் காசு; வேலை நிலைக்க வேண்டுமானால் மறுபடியும் காசு. 1929-இல் விட்லி என்பவர் தலைமையில் நியமிக்கப்பட்ட தொழிலாளர் பற்றிய அரசுக் குழு இதையெல்லாம் விசாரித்தது. 1931-இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியின் கையிலிருந்து பிடுங்க வேண்டும், அதற்கென்று ஆலைதோறும் தொழிலாளர் அதிகாரி ஒருவர் வேண்டும் என்றது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதித்தது. இன்று எச்.ஆர். என்று நாம் சொல்லும் பதவிக்கு நம் நாட்டில் இதுதான் பூர்வீகம்.

ஆகவே, "அப்பா, கங்காணியை ஒழிக்கத்தான் இந்த வேலையை உண்டாக்கினார்கள்" என்று சொன்னேன். அவர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒழிக்க வந்தவன் கங்காணியா ஆகமாட்டானாக்கும்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அதற்கு விடை தேட வெகுதூரம் போவானேன்? நம் ஊரையே பார்ப்போம். மன்னார்குடி என்றால் இராசகோபாலசுவாமி கோயில், அரித்திராநதி, பங்குனித் திருவிழா என்று எழுதாத கல்லூரி மலர் இல்லை. ஆனால் தொழிலுறவு வரலாற்றிலும் இவ்வூருக்கு ஓர் இடம் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நமக்கு அருகிலுள்ள தென்பரையில் 1943-இல் விவசாயிகள் சங்கம் தோன்றியது. கன்னட நாட்டிலிருந்து வந்து இம்மண்ணிலேயே தம் வாழ்நாளைக் கழித்த பி. சீனிவாசராவ் அதற்கு வழிகாட்டி. 1944-இல் மிராசுதாரர்களும், சங்கத்தாரும், அரசு அதிகாரிகளும் மன்னார்குடியில் ஒன்றாக அமர்ந்து பேசினார்கள். பண்ணையாட்களைச் சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் புகட்டுவதும் கூடாது என்று எழுத்தில் ஒப்பந்தமானது. ஒரு மனிதனை அடிக்கக் கூடாது என்பதற்கே முத்தரப்பு ஒப்பந்தம் தேவைப்பட்ட காலம் அது! அதற்கு முன் பண்ணையாளுக்கு 'மேசைக்கு எதிரில் உட்காரும் உரிமை' என்ற ஒன்று இருந்ததில்லை.

பிறகு 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காரணமின்றி ஆளை நீக்கினால் முறையிட ஓர் அதிகாரி இருப்பார் என்ற நிலை ஏற்பட்டது. அப்படியும் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் தீக்கிரையாயின. கூலியாகக் கூடுதலாகக் கேட்ட நெல்லில் தொடங்கிய தகராறு அது. கணபதியா பிள்ளை குழு அமைந்து, 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது அதற்குப் பின்னர்தான். கூலிப் பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதை இந்தக் காவிரிப் படுகை அறிந்த அளவுக்கு எந்த மேலாண்மைக் கல்லூரியும் அறிந்திருக்க முடியாது. அமெரிக்க ஆலை ஒன்றில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்திய ஆராய்ச்சியை மேலாண்மை நூல்கள் விடாமல் சொல்கின்றன, சொல்லட்டும். மன்னார்குடி ஒப்பந்தத்துக்கு அந்த நூல்களில் ஒரு பக்கம் கிடைத்தால் நான் மகிழ்வேன்.

'மனிதவளம்' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். நிலவளம், நீர்வளம் போல மனிதரையும் வளம் என்பது எனக்கு உவப்பாக இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்சுவது போல மனிதரையும் உறிஞ்சலாம் என்று யாருக்காவது தோன்றிவிடக் கூடும். மைய அரசே 1985-இல் கல்வித் துறைக்கு 'மனிதவள மேம்பாட்டு அமைச்சகம்' என்று பெயர் சூட்டி, 2020-இல் மறுபடியும் 'கல்வி அமைச்சகம்' என்று மாற்றிக்கொண்டது. பெயர் எதுவானாலும் போகட்டும். வேலை என்ன என்பதே கேள்வி.

எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்க்கும் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, பெண்களைச் சேர்த்துக்கொண்டு போவார். யாருக்கு இடுப்பு வலி, யார் வீட்டில் கைக்குழந்தை, யாரும் யாரும் அருகருகே நின்றால் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மாலையில் கரையேறியதும் பணத்தைப் பிரிப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதியில் போனவளுக்கு எவ்வளவு பங்கு? அன்றைய பெரிய வழக்கு அதுதான். முழுப் பங்கு கொடுத்தால் வெயிலில் நின்றவள் கேட்பாள். பாதி கொடுத்தால் பிள்ளைக்காரி அழுவாள். பெரியம்மா ஒரு கணக்குச் சொல்வார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். காரணம், அவரும் அதே சேற்றில் நின்று அதே பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறார். தலைக்கு இவ்வளவு என்று தனிக்காசு அவருக்குக் கிடையாது. இந்த ஒரு வேற்றுமைதான் அவரைக் கங்காணி ஆகாமல் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறேன். இப்போது நடவுக்கு வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களை அழைத்து வருபவர் பெரியம்மாவைப் போன்றவரா, பழைய கங்காணியைப் போன்றவரா? வரப்பில் நின்று பார்க்கும் நமக்கு அது தெரிவதில்லை. நாமும் கேட்பதில்லை.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தேன் என்பதைச் சொல்ல முடியாது. என் அக்கா பிளஸ் டூ முடித்த கையோடு, 2021-இல், ஊருக்கு வந்த வேனில் ஏறி மேற்கு மாவட்டத்து நூற்பாலை ஒன்றுக்குப் போனாள். நியமனக் கடிதம் என்று எதுவும் தரப்படவில்லை. பதினான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு, உடல்நலம் கெட்டுத் திரும்பி வந்தாள். மாதந்தோறும் அவள் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தார்கள். அதைக் கேட்டு விண்ணப்பித்தால் நிராகரிக்கப்பட்டது. ஆதார் அட்டையில் இருந்த பெயருக்கும் ஆலைப் பதிவேட்டில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபாடு; பிறந்த தேதியும் தவறு. திருத்த வேண்டுமானால் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கையொப்பமிட்ட கூட்டு உறுதிமொழி வேண்டும்.

நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளம் ரூ. 9,000. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் அவள் பங்கு ரூ. 1,080. நிர்வாகத்தின் பன்னிரண்டில் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போக, எஞ்சிய 3.67 வீதம் ரூ. 330. ஆக மாதம் ரூ. 1,410, பதினான்கு மாதத்துக்கு, வட்டி நீங்கலாக, ரூ. 19,740. எங்கள் வீட்டில் அதற்கு முன் இவ்வளவு பணம் ஒரே இடத்தில் சேர்ந்து நின்றதில்லை. அதுவும் எங்கள் பணம். கேட்டுப் பெறும் உதவி இல்லை. ஆனால் ஓர் எழுத்துக்காக அது அந்தப் பக்கமே நின்றது.

அக்கா ஏழு மாதம் தொலைபேசியில் அழைத்தாள். "சார் மீட்டிங்கில் இருக்கிறார்." "அந்த ஃபைல் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறது." "அடுத்த வாரம் கூப்பிடும்மா." கெட்ட வார்த்தை ஒன்றும் யாரும் சொல்லவில்லை. எட்டாம் மாதம் அழைத்தபோது வேறு குரல் பேசியது. புதிதாகப் பணியாளர் பிரிவுக்கு வந்தவராம். "ஆதார் நகலை அனுப்பும்மா, நான் பார்க்கிறேன்" என்றார். அன்று மாலையே கையொப்பமிட்ட படிவத்தை அனுப்பிவிட்டார். சில வாரங்களில் பணம் வந்தது. அடகுக் கடையிலிருந்த தோடு வீடு திரும்பியது. அந்தப் புதியவர் செய்தது பத்து நிமிட வேலை. பழையவரைத் தீயவர் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு என் அக்கா ஒரு பதிவெண், அவ்வளவுதான். பெயர்த் திருத்தங்களைத் தொழிலாளியே இணையத்தில் செய்ய இப்போது ஓரளவு வழி வந்திருக்கிறது. இருந்தும், ஒருவருடைய பத்து நிமிடம் மற்றொருவருடைய எட்டு மாதமாக ஆகக்கூடிய மேசைகள் அந்தப் பிரிவில் இன்னும் நிறைய உண்டு. அப்படி ஒரு மேசையில் நான் உட்கார விரும்புகிறேன்.

"அது நிர்வாகத்தின் ஆள்தானே? சம்பளம் கொடுப்பவன் பக்கம்தானே பேசும்?" என்று முற்போக்கு நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். 1948 சட்டத்திலேயே இந்த இரட்டை நிலை இருந்தது. நல அலுவலரை நியமிப்பவர், சம்பளம் தருபவர் முதலாளி. அவருடைய கடமைகளையும் தகுதிகளையும் வகுப்பது அரசு. இரண்டு மாடுகள் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும் வண்டி அது. 2009-இல் கோவையில் பிரிக்கால் தொழிற்சாலையின் மனிதவளத் துறைத் துணைத் தலைவர் தொழிற்தகராறின் நடுவில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். 2012-இல் அரியானாவின் மானேசரில் மாருதி ஆலையின் மனிதவளப் பொது மேலாளர் கலவரத் தீயில் மாண்டார். பிறந்தநாள் கேக் வெட்டுவதும் கோலப்போட்டி நடத்துவதும்தான் எச்.ஆர். வேலை என்று நினைப்பவர்கள் இவ்விரண்டையும் படித்துப் பார்க்க வேண்டும். இரு தரப்பும் பேசாமல் விட்ட பேச்செல்லாம் நடுவில் நிற்பவர் தலைமேல்தான் வந்து விழுகிறது.

ஆயினும் நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து நல்லது எதுவுமே நடக்காது என்பதும் உண்மையன்று. ஜாம்ஷெட்பூர் டாட்டா இரும்பாலையில் எட்டு மணி நேர வேலை 1912-இலேயே வந்துவிட்டது. தொழிற்சாலைச் சட்டம் அதை நாட்டுக்கெல்லாம் கொண்டுவந்தது 1948-இல். மறுபுறம், பேசிப் பெற்றவையும் போராடிப் பெற்றவையும் எத்தனையோ! 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்காக வ.உ.சி. நின்றதும், 1918-இல் சென்னையில் வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்ததும் நாம் தமிழ்ப் பாடத்தில் படித்தவையே. ஆனால் சங்கத்தின் எதிரே மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தார் என்று நாம் கேட்டதில்லை. அங்கே உட்காருபவருக்கு மூட்டையின் கனம் தெரிந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும் என்பதே என் எண்ணம். நடக்காமலும் போகலாம், மறந்துபோவது மனித இயல்பு. அப்பா சொன்னது அதைத்தான்.

அண்மைக் காலச் செய்திகள் இரண்டைப் பாருங்கள். 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழியர்க்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை பல நாள் மூடிக் கிடந்தது. உலகம் முழுவதும் விற்கும் ஐபோன் செய்யும் இடத்தில் வேலையை நிறுத்தியது ஒரு வேளைச் சாப்பாடு! விடுதிச் சமையலறைக்குள் யாராவது தினமும் ஒரு முறை நுழைந்து பார்த்திருந்தால் போதும். இரண்டாவது, 2024 செப்டம்பர் 9 அன்று அதே வட்டாரத்தில் சாம்சங் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம். 37 நாள் நீடித்தது. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கலாமா என்பதே பெரிய வழக்காயிற்று. 2025 சனவரியில் சங்கம் பதிவானது. நம் மாவட்டத்துப் பெண்களும் பிள்ளைகளும் இத்தகைய தொழிற்சாலைகளுக்குத்தான் வேனில் ஏறிப் போகிறார்கள். இவை நமக்குத் தூரத்துச் செய்திகளா?

கணிதம் எதற்கு என்று கேட்ட நண்பருக்கு ஒரு சொல். சம்பளப் பட்டியல் என்பது முழுக்க முழுக்கக் கணக்கு. ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் 0.75 வீதம், நிர்வாகத்திடம் 3.25 வீதம், மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி, போனசுக்கு ஒரு சூத்திரம், பணிக்கொடைக்கு ஒரு சூத்திரம். கணக்குக்குப் பயந்து இந்தப் பாடத்துக்கு வருகிறவர்கள்தாம் கணிப்பொறி தந்த தொகையை அப்படியே நம்பி, கேட்க வருகிற தொழிலாளியைத் திருப்பி அனுப்புகிறார்கள். விண்ணப்பங்களைக்கூட இன்று கணிப்பொறியே சலித்துத் தள்ளுகிறது. எந்த அளவுகோலால் சலிக்கிறது என்று கேட்பதற்காவது அந்த அறையில் கணிதம் தெரிந்த ஒருவர் வேண்டாமா?

அதேபோல, "எனக்குப் பேசப் பிடிக்கும், மனிதர்களைப் பிடிக்கும், அதனால் எச்.ஆர். எடுக்கிறேன்" என்பவர்களைப் பார்த்தாலும் எனக்குக் கொஞ்சம் கவலைதான். பேசப் பிடித்தவர்கள் விற்பனைத் துறைக்குப் போகலாம். அங்கே ஊதியமும் கூடுதல். இங்கே கேட்கப் பொறுமையும், சட்டம் படிக்கச் சலிப்பின்மையும், சில நாட்களில் இரு தரப்பாலும் வெறுக்கப்படுவதைத் தாங்கும் தோலும் வேண்டும். இது பெண்களுக்கு ஏற்ற மென்மையான பாடம் என்ற பேச்சும் உலவுகிறது. இரவுப் பணிக்கு வந்த பெண்ணுக்கு வண்டி வரவில்லை என்று நள்ளிரவில் எழுந்து போகிறவருக்கு இதில் என்ன மென்மை இருக்கிறதோ, நான் அறியேன்.

வழிகளைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறேன். தம்பி தங்கையர் கேட்கிறார்கள். எந்தப் பட்டம் பெற்றவரும் டான்செட் எழுதி எம்.பி.ஏ. சேரலாம். அங்கே நிதி, சந்தையியல் போன்றவற்றோடு மனிதவளமும் ஒரு சிறப்புப் பாடம். முதுகலைச் சமூகப்பணியிலும் மனிதவளப் பிரிவு உண்டு. பல தொழிற்சாலைகள் அப்பட்டத்தை மதிக்கின்றன. 1936-இல் தொடங்கிய பம்பாய் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், 1949-இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யும் இத்துறையில் பெயர் பெற்றவை. பின்னதின் கட்டணத்தைக் கேட்டாலே எங்களைப் போன்றோர் வந்த வழியே திரும்பிவிடுவோம். நம்மவர் பலர் அறியாத ஒன்று, சென்னையில் அரசே 1973 முதல் நடத்திவரும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம். தொழிலாளர் மேலாண்மையில் இளங்கலையும் முதுகலையும் அங்கே உண்டு. எம்.பி.ஏ. கிடைக்காவிட்டால் நான் போகப்போவது அங்கேதான். கிடைத்தாலும் அங்கேயே போகலாமா என்ற எண்ணமும் இருக்கிறது.

இன்னொன்று. பழைய தொழிலாளர் சட்டப் புத்தகங்களை மட்டும் வைத்துக்கொண்டு இனிப் பயனில்லை. 29 மையச் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. நல அலுவலர் வேண்டும் என்பதற்கு முன்பு 500 பேர்; இப்போது 250 பேர். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்பதும் சட்டத்தில் ஏறியிருக்கிறது. ஆலையை மூடவும் ஆட்குறைப்புச் செய்யவும் அரசின் முன்அனுமதி கேட்க வேண்டிய எல்லை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்ததைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன; அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். சட்டம் கொடுத்ததையும் எடுத்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் நூலகத்தில் இப்புதிய தொகுப்புகளைத் தமிழில் வாங்கி வைத்தால் வணிகவியல் மாணவர்களுக்கு மட்டுமல்ல, விடுமுறையில் ஆலை வேலைக்குப் போகிற எல்லாருக்கும் உதவும். முதல்வர் அவர்களும் நூலகர் அவர்களும் இதைக் கருத வேண்டுகிறேன்.

வள்ளுவர் ஆளைத் தெரிந்தெடுப்பதற்கென்றே 'தெரிந்து தெளிதல்' என்றும் 'தெரிந்து வினையாடல்' என்றும் இரண்டு அதிகாரங்களை ஒதுக்கினார் என்று எங்கள் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். இரண்டையும் படித்தேன். இரண்டும் அரசனுக்குச் சொன்னவை. எடுப்பவர் பக்கத்திலிருந்து பார்ப்பவை. எடுக்கப்படுகிறவர் தம்மை எடுப்பவரை எப்படித் தெளிவது என்று ஓர் அதிகாரம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். "நீயே எழுது" என்று சிரித்தார். அதுதான் இக்கட்டுரைக்கு முதல் தூண்டுதல் என்றும் சொல்லலாம்.

அப்பா இப்போது கங்காணி என்று சொல்வதில்லை. மாறாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஆலைகளுக்குப் போய் வரும் எங்கள் தெருப் பெண்கள் விடுமுறைக்கு வரும்போது அவர்களுடைய சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து, "இதப் பாரும்மா, சரியா போட்டிருக்கானா?" என்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு சீட்டுகள். மூன்று சரியாக இருந்தன. நான்காவதில் 'இதர பிடித்தம்' என்று ரூ. 300 போட்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை. கேட்கவும் பயம். திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல் ஆலையின் எண்ணுக்கு அழைத்து, அவள் பக்கத்தில் இருக்க நானே பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.